கிழிக்காத கார்டு

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் அளக்கல. பாளையம்பட்டிக்கு வாங்க, அந்த வீட்டைக் காட்டுறேன். கார்டு இன்னும் அங்கதான் இருக்கு.

சத்யபிரியா என் சித்தி மக. பழைய சாமான் வாங்கி, போன்ல படம் போட்டு விக்கிறவ. புருசன் முனீஸ்வரன் குவைத்துல டிரைவரு. நாலு வருசம் கழிச்சு வியாழக்கிழமை ராத்திரி வாராரு. அவளுக்குக் கால் தரையில நிக்கல.

ஞாயித்துக்கிழமை பரளச்சியில இடிக்கிற வீட்டுல ஒரு டிரங்குப் பெட்டி வாங்கினா. அடியில ஒரு தபால் கார்டு. 1912. கொழும்புல இருந்து வந்தது. "வெள்ளைத்தாய்க்கு. உன் புருசன் சோலைச்சாமி நேற்றுப் பகல் இரண்டு மணிக்குக் காலமானார்." நாலு மூலையிலும் கறுப்பு. பழசுன்னா அழுக்கு இருக்கத்தானே செய்யும்னு நெனச்சுக்கிட்டா. கொண்டாந்து ஷோகேஸ்ல, புருசன் போட்டோ மேல சாத்தி வச்சா. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

திங்கக்கிழமை. பட்டப்பகல், மணி ரெண்டு. கிரில் கேட்டுல... டொக். டொக்.

"யாரு?"

ஆளில்ல. உள்ள வந்து கார்டை எடுத்தா. விரல்ல கறுப்பு ஒட்டுது. நூறு வருசத்து மை... ஈரமா இருக்கு. முனீஸு போட்டோவைப் பார்த்தா, கண்ணாடிக்கு உள்ள ஒரு மூலை கறுத்திருக்கு. எவ்வளவு துடைச்சும் போகல.

செவ்வாக்கிழமை, ரெண்டு மணி. டொக். டொக். சத்தம் இப்ப ஹாலுக்குள்ள. போட்டோவுல ரெண்டு மூலை.

புதன், ரெண்டு மணி. காதுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை மூச்சு விட்டா. மூணு மூலை.

அலறியடிச்சுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினா. கோட்டைச்சாமி மாமா பரளச்சிக்காரரு, போஸ்ட்மேனா இருந்து ரிட்டயரு ஆனவரு. ஊருக்குப் போயிருந்தாரு. போன் போட்டா. மனுசன் பதறிப்போனாரு.

"அடிப்பாவி, மூலையில கறுப்பு தடவுனா சாவுக் கார்டு. வாசல்லயே நின்னு படிச்சு, அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டு, தலைக்குக் குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள போகணும். நாளைக்கு அதே நேரத்துல வாசல்ல வச்சுக் கிழிச்சிரு."

வியாழன். 1.58. வாசலுக்கு வந்தா. கார்டை ரெண்டு கையிலயும் பிடிச்சா.

மணிக்கட்டை யாரோ பிடிச்சாக. ஜில்லுன்னு.

"கிழிச்சிராத தாயி... கிழிச்சா அவுக செத்துருவாக."

உதறினா. முடியல. கத்தினா. சத்தம் வரல.

2.00.

தெருவுல ஆட்டோ வந்து நின்னுச்சு.

முனீஸு.

பிடி விட்டுப்போச்சு. இவளுக்கு உசுரு வந்துச்சு. கார்டை உள்ள ஷோகேஸ்லயே போட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்தா.

"ராத்திரிதானே வரணும்?"

"சீக்கிரம் வந்துட்டேன்."

கையில பெட்டி இல்ல. செருப்பு இல்ல. அவ அதெல்லாம் எங்க பார்த்தா. சோறு போட்டா.

"அப்புறம் சாப்பிடுறேன்"னுட்டு உள்ரூமுக்குப் போயிட்டாரு.

4.20. போன். குவைத்துல கூட வேலை பார்க்கிற சபீர்.

"அக்கா... மனசத் தேத்திக்கங்க. ஏர்போர்ட்டுக்குப் போற வழியில வண்டி கவுந்துருச்சு. நம்ம ஊரு நேரம் ரெண்டு மணிக்கு..."

உள்ரூம்ல கட்டில் கிறீச்சுன்னுச்சு.

போட்டோவுல... நாலு மூலை.

போன வாரம் நான் போயிருந்தேன். உடம்பை அனுப்பக் கையெழுத்து கேட்டு போன் மேல போன் வருது. அவ போடல. கழுத்துல தாலி அப்படியே கெடக்கு. கார்டைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்தா.

"கிழிக்கவாண்ணே... வேணாமா?"

உள்ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள இருந்து ஒரு பேச்சு கேட்டுச்சு. அதை அவகிட்டயும் சொல்லல, யாருகிட்டயும் சொல்லல. எந்திரிச்சு வந்துட்டேன்.

நேரா கோட்டைச்சாமி மாமாகிட்டப் போனேன். வெள்ளைத்தாயைச் சின்னப்பயலா இருக்கையில பார்த்திருக்காராம்.

"கார்டு வந்தப்ப அதுக்கு இருபது வயசாம். ஊரே சொல்லியும் கிழிக்கல. சாகுற வரைக்கும் தாலியும் கழட்டல. தெனமும் ரெண்டு வட்டில்ல சோறு வைக்கும்ப்பா. ஒண்ணு கொறையவே கொறையாது. அது கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிடும். உள்ள இருந்து ஆம்பளைக் கொரல் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும்."

"என்னன்னு?"

கேட்டேனே தவிர, எனக்குத் தெரியும்.

"அப்புறம் சாப்பிடுறேன்னு."