செல்போனுக்குப் போகாத கை

அந்தத் தெருவில் ‘கிச்சன் அக்கா’ என்று கேட்டால் பேப்பர் போடுகிறவர்கூட வீட்டைக் காட்டுவார். சமையலில் பேரெடுத்து வந்த பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா போடும் காபியைக் குடித்தவர்கள் அப்படி நினைக்கவே மாட்டார்கள். மற்றவர்களின் சமையலறையைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாவற்றையும் திரையில் நிற்கவைத்து, வந்தவர் கேட்கக் கேட்க மாற்றிக் காட்டுவாள். பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் ஒரு டம்ளர் காபி நஷ்டம், அதுவும் குடித்தவருக்குத்தான்.

பெரிய கம்பெனியில் பல வருஷம் இதே வேலையைப் பார்த்தவள், மேனேஜரின் சிடுசிடுப்பு தாங்காமல் வெளியே வந்து வீட்டு முன்னறையில் கடை விரித்தாள். ஆள் கெட்டிதான், கம்ப்யூட்டர்தான் கிழம். ஒருநாள் புது வீடு கட்டும் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். “ஃப்ரிட்ஜை இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றார் கணவர். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது. செல்போன் வெளியே வந்தது. யாருடனோ பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார், மனைவியும் பின்னாலேயே போனார். ஃப்ரிட்ஜ் நகர்ந்தபோது அறையில் அக்கா மட்டும்தான் இருந்தாள். அன்றைக்கு அழுதாள். வெட்கத்தில் தொடங்கிய அழுகை கோபத்தில் போய் முடிந்தது.

அடுத்த வாரம் ஒரு பில்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். அடுக்குமாடிக் கட்டடம், அத்தனை வீட்டுக்கும் சமையலறை. கிடைத்தால் முன்னறைக்கு வெளியே போர்டு மாட்டலாம். கிடைக்காவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய் அந்தச் சிடுமூஞ்சிக்கு வணக்கம் வைக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆகாது என்று தம்பியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

தம்பிக்கு வீட்டில் ராக்கெட் என்று பெயர். தவழும் வயதில் மாடிப்படியில் உருண்டு எல்லோருக்கும் முன்னால் கீழே வந்து சேர்ந்தவன். இன்றுவரை வேகம் என்றால் அவனுக்கு உயிர். மேஜைமேல் இரண்டு பெட்டிகளைத் தயாராக வைத்திருந்தான். மெமரி, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான், பிராசஸர் மட்டும் வேறு. ஒன்றில் பதினாறு கோர். போன தலைமுறைச் சரக்கு, விலை இறங்கியிருந்தது. இன்னொன்றில் ஆறே கோர், ஆனால் புதுசு. கோர் என்றால் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசில் ஆள் அதிகம், புதுசில் ஒவ்வொரு ஆளும் சுறுசுறுப்பு.

ராக்கெட் இரண்டிலும் ஒரே சோதனையை ஓடவிட்டான். ஒரு படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து முடிக்க வேண்டும். பதினாறு முடித்துவிட்டு நின்றது, ஆறு பாதிப் படத்தில் மூச்சு வாங்கியது.

“பாத்தியாக்கா? இதுக்கு மேல என்ன பேச்சு?”

“முழுப் படம் வரைய விட்டுட்டு நான் கடைத்தெருவுக்குப் போயிடுவேன்டா. அது எப்ப முடிஞ்சா எனக்கென்ன? ஆள் பக்கத்துல உக்காந்துட்டு ‘சிங்கை நகத்து’ன்னு சொல்லும்போது எது சீக்கிரம் நகத்துது? அதைக் காட்டு.”

“எது வேகம்னு கம்பெனி போடுற சார்ட்ல அதெல்லாம் இருக்காதுக்கா.”

“அப்ப சார்ட்டை மடிச்சு வை.”

சோதனைக்கு ஆள் வேண்டும். அக்காவின் புருஷன் உதவ மாட்டார். எதைக் காட்டினாலும் “நல்லாருக்கு” என்பார், காபியைக்கூட. அதனால் நாத்தனாரை வரவழைத்தாள். துணிக்கடையில் அலமாரி மொத்தத்தையும் இறக்க வைத்துவிட்டு, “பாத்துட்டு வரேன்” என்று எழுந்து வரும் புண்ணியவதி. எது எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரியாதபடி இரண்டையும் மேஜைக்கடியில் துணி போட்டு மூடினார்கள்.

முதலில் பதினாறு. “ஜன்னலுக்குக் கீழ சிங்கை வைம்மா” என்றார் நாத்தனார். படம் திக்கித் திணறி நகர்ந்தது. “கொஞ்சம் திருப்பு, கதவுப் பக்கமிருந்து பாக்கணும்.” விட்டு விட்டுத் திரும்பியது. மூன்றாவதாக எதையும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தார். பேரனின் போட்டோவைக் காட்ட ஆரம்பித்தார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

பிறகு ஆறு. சிங்கை நகர்த்துவது ஒரே ஆள் பார்க்கும் வேலை, அந்த ஒருவர் வேகமாக இருந்தால் போதும். சிங்க் சொன்ன நொடியில் போய் நின்றது. அறை வழுக்கிக்கொண்டு திரும்பியது. நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த அலமாரி எனக்கு எட்டாது, இறக்கு. இல்ல, ஏத்து. கலர் ஒத்து வரல. பழைய கலரே போடு.” நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், கைப்பை தரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கடைசியில், யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத சொல் வந்தது: “சரி. எங்க வீட்டுக்கும் இதையே போட்டுடலாம்.”

“அண்ணி, இது சும்மா சோதனை” என்றாள் அக்கா.

“எனக்கு ஒண்ணும் சோதனை இல்ல. எப்ப வந்து அளவு எடுக்கப் போற?”

ஒன்றும் மிச்சமில்லாமல் தோற்றுப்போனான் ராக்கெட், ஆறு கோர் பெட்டி அக்காவின் முன்னறைக்குப் போனது. ஆனாலும் ரத்தம் கேட்குமா? பில்டர் வரும் அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பதினாறு கோர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து முன்னறை வாசலில் நின்றான்.

பில்டர் பேசிக்கொண்டேதான் உள்ளே வந்தார். காதில் ஒரு போன், சட்டைப்பையில் இன்னொன்று. திரையில் சமையலறை திறந்தது. அவர் அரைக்கண்ணால் பார்த்து, “அடுப்பு அந்தச் சுவர்ல வேணாம்மா” என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுப்பு எதிர்ச்சுவரில் இருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். “சிங்க்?” நகர்ந்தது. “இங்கேருந்து பாத்தா?” திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலமாரியை ஏற்றினார், இறக்கினார். ஜன்னலைத் தள்ளினார். மனைவிக்குப் பிடிக்கும் என்று ஒரு நிறத்தை வைத்துவிட்டு, தனக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பில்டர் பார்க்காமலே அதை அணைத்தார். மறுபடி அடித்தது. எரிச்சலோடு எடுத்தார்.

“அப்புறம் கூப்பிடுப்பா. நான் கிச்சன்ல இருக்கேன்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே, “எல்லா வீட்டுக்கும் நீங்களே பண்ணிடுங்கம்மா. இப்ப அந்த அடுப்பை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றார்.

அக்காவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை, அடுப்பைத் தள்ளினாள். வாசலில் ராக்கெட் தன் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, போர்டு எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்க்க ஆரம்பித்தான்.