மூன்று தேங்காய் பன்

பேக்கரி சாமியப்பண்ணன் போய்விட்டாராம்.

காலையில் அக்கா வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருந்தாள். நேற்று சாயங்காலம், ஹார்ட் அட்டாக். படித்ததும் அழுகை வரவில்லை, காதுதான் சூடானது. வெட்கம் வந்தால் முதலில் என் காதுக்குத்தான் தெரியும்.

கணபதி ஏரியாவில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு நேர் கீழே அவர் கடை. டீ, பன், பப்ஸ். எங்கள் ஹால் ஜன்னலைத் திறந்தால் அவருடைய பாய்லர் தெரியும்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம் நானும் அக்காவும் ஸ்கூலுக்கே போகவில்லை. நான் நாலாவது, அக்கா ஏழாவது. இப்போது இதற்கு ஹோம்ஸ்கூலிங் என்று ஸ்டைலாகப் பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் இதற்குப் பெயர், "அந்த ஊட்டுப் புள்ளைங்கள பள்ளிக்கோடம் அனுப்பறதில்லையாமா."

தம்பி கோகுல் யூகேஜி. ஒருநாள் காலையில், "மேலெல்லாம் சுடுதும்மா, லீவு போட்டுக்கறேன்" என்றான். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டாள்.

மூளைக் காய்ச்சல். அந்த வாரமே போய்விட்டான்.

அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேரையும் வாசல் தாண்டி அனுப்ப அம்மாவால் முடியவில்லை. அப்பா கெஞ்சினார், சத்தம் போட்டார், கடைசியில் லேத் பட்டறைக்குக் கிளம்பிப் போனார். "நானே சொல்லித் தர்றேன், ஸ்கூல் மாதிரியே நடத்தறேன்" என்றாள் அம்மா.

ஸ்கூல் மாதிரியே என்றால் நிஜமாகவே அப்படித்தான். யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, ஹாலில் ப்ரேயர். அம்மாவை "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்போம்...

அப்புறம் அந்த அட்டெண்டன்ஸ்.

அக்கா பெயர். "உள்ளேன் டீச்சர்." என் பெயர். "உள்ளேன் டீச்சர்." அடுத்து, எங்கள் பெயரைவிடச் சத்தமாக, "கோகுல்!"

முதல் நாள் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அம்மா மறுபடி கூப்பிட்டாள். அக்காதான் சொன்னாள், "லீவு டீச்சர்." அம்மா தலையாட்டினாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே.

பதினோரு மணிக்கு இன்டர்வெல். கீழே போய் மூன்று தேங்காய் பன் வாங்கி வர வேண்டும். மூன்றாவது பன் டேபிளில் அப்படியே இருக்கும். சாயங்காலம் அப்பா வந்து, ஒன்றும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவார்.

கடைக்குப் போவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஸ்கூல் நேரத்தில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, பேக்கரியில். டீ குடிக்கிறவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள், "ஏனுங்க அம்மணி, பள்ளிக்கோடம் போகலீங்களா?"

நாங்கள் தலையைக் குனிவதற்குள் சாமியப்பண்ணன் பதில் சொல்லிவிடுவார். "அவங்க ஸ்கூல்ல பெயிண்ட் அடிக்கறாங்கங்க. லீவு உட்டுப்போட்டாங்க."

ஆடியிலும் பெயிண்ட். தீபாவளி முடிந்தும் பெயிண்ட். "அப்பிடி என்னங்க பெயிண்ட்டு?" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். "பெரிய ஸ்கூலுங்க" என்றார் அண்ணன், டீ ஆற்றிக்கொண்டே.

அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா அடித்து விடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஆரம்பித்திருந்த சமயம். ஒருநாள் அம்மா அக்கா பெயரைக் கூப்பிட்டாள், என் பெயரைக் கூப்பிட்டாள். அப்புறம், "கணக்கு நோட்டு எடுங்க" என்றாள். அவ்வளவுதான்... நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்டர்வெல்லில் கிளம்பும்போது, "ரெண்டு போதும் கண்ணு" என்றாள்.

கீழே போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சாமியப்பண்ணன் பேப்பரை விரித்து இரண்டு பன்னை எடுத்து வைத்தார். இரண்டே இரண்டு.

"ரெண்டுதான்னு எப்பிடிங்ணா..." என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "கேட்டுச்சுங்க அம்மணி."

கேட்டிருக்கிறது. அத்தனை மாதமும், அத்தனை காலையும். அம்மா கூப்பிட்டது, அக்கா சொன்ன லீவு, அப்பா கெஞ்சியது, அம்மா பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதது... எல்லாம்.

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. மாடிப்படியில் அந்தப் பன்னைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

ஜூனில் ஸ்கூலுக்குப் போனோம். அந்தத் தெருவில் அப்புறமும் பல வருடம் இருந்தோம். ஒருத்தர்கூட அந்த அட்டெண்டன்ஸ் பற்றி எங்களிடம் கேட்டதில்லை. சாமியப்பண்ணன் யாரிடமும் சொல்லவே இல்லை.

சில வருடம் முன்பு கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தார். "அம்மா சௌக்கியங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கே எனக்குக் காது சுட்டது. தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

இன்று அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"அவருக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு" என்றாள்.

"வெக்கமா இல்லையாம்மா உனக்கு?"

"இருந்துச்சு. காலைல ஜன்னலத் தொறக்கறப்பவே மேலெல்லாம் கூசும். ஆனா கோகுல் பேரச் சொன்னா உங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாரு. சொந்தக்காரங்க பேச்ச மாத்திருவாங்க. யாரு காதுலயாச்சும் உழுகட்டும்னுதான் தொறந்து வெச்சுக் கூப்பிட்டேன்."

ஆபீஸுக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

போய்ட்டு வாங்க சாமியப்பண்ணா. இன்னைக்கு நானே சொல்றனுங்க, எங்க தம்பி பேரு கோகுலுங்க.