கவனித்துக்கொள்ளச் சொன்ன ஐந்து பேனல்கள்

சோலார் பேனலுக்கு வெயில் ஆகாது என்பதை எங்கள் தொழிற்சாலையின் கூரையில்தான் தெரிந்துகொண்டேன். வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. சூடேறினால் மின்சாரம் குறையும். ஒரகடத்துச் சித்திரை மாதத்தில் தகரக் கூரைமேல் கிடக்கும் பேனல், அடுப்பில் மறந்துபோன தோசைக்கல்.

மெயின்டனன்ஸில் இருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது. மெழுகு உருகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பேனலின் முதுகில் மெழுகைக் கட்டிவிட்டால் ஃபேன், மோட்டார் எதுவும் இல்லாமல் குளிரும். யோசனை வந்தது என்றா சொன்னேன்? எங்கோ படித்தது. படித்த இடத்தை யாருக்கும் காட்டவில்லை, அவ்வளவுதான். வாலாஜாபாத்தில் மெழுகுவர்த்தி செய்பவரிடம் மெழுகு வாங்கி, அலுமினியப் பைகளில் அடைத்து, ஐந்து பேனல்களுக்கு அடியில் ஒட்டினேன். பக்கத்து ஐந்தை, ஒப்பிட்டுப் பார்க்க, அப்படியே விட்டேன்.

கூரையில் பேனல் கழுவுவது ஒரு அக்கா. வல்லம் வடகால்காரர், கான்ட்ராக்ட் ஆள். காலை ஆறுக்கு வந்தால் மூன்று மணிக்குக் கிளம்பிவிடலாம். பள்ளி விட்டு வரும் மகளுக்குக் கதவு திறக்க ஆள் வேண்டுமே என்று, கூடுதல் சம்பளம் வரும் ஷிஃப்ட் வேலைகளை விட்டுவிட்டு இந்த வெயிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்: "அக்கா, இந்த அஞ்சை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

மெழுகு ஒழுகுகிறதா என்று பாருங்கள் என்பது என் அர்த்தம். ஆனால் எங்கள் கம்பெனிக்கு ஆடிட்டர் வந்தாலும் கஸ்டமர் வந்தாலும் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவது இதே சொல்தான். கவனித்துக்கொள்வது என்றால் இளநீர், முந்திரி, ஏசி அறை.

தினமும் ஒரு மணிக்கு தெர்மாமீட்டரோடு மேலே ஏறுவேன். மெழுகு கட்டியவை எட்டு டிகிரி குறைவாக இருந்தன.

"இன்னா தம்பி, கொறஞ்சுதா?"

"எட்டுக்கா!"

"அப்ப பிரியாணி எப்போ?"

பிளான்ட் ஹெட் முன்னால் பேச ஸ்லைடு தயாரித்தேன். முதல் ஸ்லைடில் என் படம் இருந்தது. மெழுகின் படம் நான்காவதில்தான் வந்தது.

பேசுவதற்கு முந்தைய நாள், ஆர்வக்கோளாறில் பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். அக்கா அந்த ஐந்து பேனல்கள்மேல் மட்டும் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?"

"நீதானே கவனிச்சுக்க சொன்ன? தெனம் நீ வரதுக்கு முன்ன ஊத்திகினுதான் கீறேன். நீ பல்லக் காட்டிகினு எறங்கிப் போனா எனக்கும் நல்லா கீது."

சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். வெயில் ஏறிய பிறகு ஊற்றவே கூடாது என்பது கூரையின் முதல் விதி. அதை அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "நாளைக்கு அப்புறம் ஊத்தாதீங்கக்கா."

மறுநாள் என் பேச்சுக்கு நல்ல கைதட்டல். பிளான்ட் ஹெட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வாங்க, நேர்லயே பார்த்துடலாம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏறினார். அக்கா பக்கெட்டோடு நின்றார்.

"இந்த நேரத்துல தண்ணியா? யார் ஊத்தச் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியல சார். அவங்களா ஊத்திட்டாங்க போல."

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். "ஆமா சார். நான்தான். ரொம்ப சூடா கீதேன்னு."

அடுத்த வாரமே கான்ட்ராக்டர் அவரைச் சுங்குவார்சத்திரம் பக்கம் வேறொரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார். மூன்று ஷிஃப்ட், மாறி மாறி.

தாங்காமல் எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் போனேன். "சார், அந்தக்கா தண்ணி ஊத்தினது எனக்கு முன்னாடியே தெரியும். மறுநாளும் ஊத்தட்டும்னு விட்டதே நான்தான்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு எதுலதான்யா காமெடி இல்ல!" வருஷக்கணக்காகக் கேன்டீனில் நான் சம்பாதித்த பெயர் அது. "இல்ல சார், நெஜமா" என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவரோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு வந்தேன். கூரையில் சொன்ன பொய்யைவிட இந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். ஒளிய நினைத்தேன். என் தொப்பைக்கு அங்கே போதுமான கம்பம் இல்லை.

"மெழுகு இன்னா ஆச்சு தம்பி?"

"தண்ணி இல்லாம ரெண்டு டிகிரிதான்கா. மத்தியானத்துக்குள்ள எல்லாம் உருகி, அப்புறம் அதுவும் இல்ல."

"த்சொ. நான் இருந்திருந்தா பாஸ் பண்ண வச்சிருப்பேனே!"

"பாப்பா?"

"சாவிய கழுத்துல மாட்டிகினு போவுது. வூட்டுல தனியாத்தான் கீது."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். வரவில்லை. "அன்னைக்குக் கூரை மேல, எல்லார் முன்னாடியும் நான் சொல்லியிருக்கணும்கா" என்றேன்.

"ஆமா," என்றார் அக்கா. "சொல்லியிருக்கணும்."

அவர் பஸ் வந்தது. ஏறிப் போனார்.