பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவது

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடுதாசி தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால் பதில் கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள் இங்கே தெருவுக்கு நாலு வீடாவது இருக்கிறோம். அவர்களையும் ஊரில் இருப்பவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த புதிதில் ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளைப் பார்த்தே நான் அசந்துபோனேன். அதைவிட விசித்திரம், நான் ஆயாவாகச் சேர்ந்த பாலர் பள்ளி வாசலில் தினமும் காலையில் நடந்தது. பிள்ளையை விட வருகிற அம்மா அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்து, "நான் போறேன், இன்ன நேரத்துக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளை கதறி அழுதாலும் சொல்ல வேண்டும். நம் பக்கம் அப்படியா செய்வோம்? காக்காயைக் காட்டுவோம். பிள்ளை அண்ணாந்து பார்க்கும் நேரத்தில் நழுவிவிடுவோம். அழ வைக்காமல் போவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

கம்பெனிகளுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்திய பள்ளி அது. முப்பது பிள்ளைகள். கிருஷ்ணகிரித் தமிழ், வேப்பனப்பள்ளித் தெலுங்கு, ஓசூர்க் கன்னடம், இரண்டு வீட்டு உருது. நடத்தியவள் சரளா டீச்சர். என்னைவிட ஐந்து வயது இளையவள், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். பிள்ளை எந்தப் பாஷையில் அழுகிறதோ அந்தப் பாஷையில்தான் சமாதானம் சொல்ல வேண்டும் என்பாள். அதற்காகவே தண்ணீர், பசி, வலி, அம்மா வருவாள் என்ற நாலையும் நான் நாலு பாஷையில் மனப்பாடம் செய்தேன். சிலேட்டுக் கிடையாது, மணலில்தான் கிறுக்கல். முதல் ஆள், கடைசி ஆள் என்று வரிசை கிடையாது. களி கொண்டுவந்த பிள்ளையும் சோறு கொண்டுவந்த பிள்ளையும் வட்டமாக உட்கார்ந்து, வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஏ பி சி டி எப்போது சொல்லித் தருவீர்கள் என்று சண்டைக்கு வரும் அப்பாக்களிடம், "முதல்ல இங்க பயமில்லாம இருக்கட்டும் சார்" என்பாள். அவர்கள் அது பதிலே இல்லை என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

ஒரு வாரம் அம்மாவும் கூட உட்கார்ந்திருந்தால்தான் புதுப் பிள்ளையைச் சேர்ப்போம். வெங்கட்டம்மாவுக்கு அது முடியவில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்துக்காரி, ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மகள் சின்னி சேலையை விடவில்லை. மணி ஏழே முக்கால். எட்டைத் தாண்டினால் கேட்டை மூடிவிடுவார்கள். டீச்சர் உள்ளே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ போம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று கண்ணைக் காட்டிவிட்டு, சின்னியைத் தூக்கிக்கொண்டு கோழி காட்டப் பின்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது சின்னி அழவில்லை. வாசலில் அம்மாவின் செருப்புக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்ம ஏதி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அம்மா எங்கே என்கிறாள். கடைக்குப் போயிருக்கிறாள், மிட்டாய் வாங்கி வருவாள் என்றேன். அன்றைக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் வந்த அம்மாவிடமும் போகவில்லை, முகத்தில் அடித்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை பள்ளிக் கதவைக் கண்டதுமே வாந்தி எடுத்துவிட்டாள். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நாங்க ஊருக்கே போறோம்" என்று வெங்கட்டம்மா பையைத் தூக்கினாள்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் கோழி காட்டியதை நான் சொல்லிவிட்டேன்.

"அவகிட்ட சொல்லுங்கக்கா."

"வெங்கட்டம்மாகிட்டயா?"

"சின்னிகிட்ட."

"மூணு வயசுப் பிள்ளைகிட்டயா டீச்சர், மன்னிப்புக் கேக்கச் சொல்லுதீக?"

"மூணு வயசுப் பிள்ளையத்தானே ஏமாத்துனீங்க?"

கோபமே இல்லாமல் கேட்டாள். பக்கத்தில் நின்ற கிருஷ்ணகிரி அம்மா ஒருத்தி, "நல்லா இருக்குது போ, நாளைக்கு கோழிகிட்டயும் கேக்கச் சொல்லுவாங்க" என்று சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் குத்தவைத்து உட்கார்ந்து, தெரிந்த தெலுங்கில், "தப்பு சேசினானு, சின்னி", தப்புப் பண்ணிட்டேன், என்றேன். அம்மா கடைக்குப் போகவில்லை, கம்பெனிக்குப் போனாள், இன்றைக்கும் போவாள், நாலரைக்குச் சங்கு ஊதும், அப்புறம் வருவாள் என்றேன். பாதி தமிழ்தான். வெங்கட்டம்மாவும் குத்தவைத்து அதையே சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டு ஓடினாள். சின்னி என் கையைக் கடித்தாள். பகலெல்லாம் வாசலிலேயே இருவரும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கம்பெனிகளின் சங்கு ஒவ்வொன்று ஊதும்போதும் எழுந்து நின்றாள், அது இல்லை என்று நான் உட்கார வைத்தேன். நாலரைச் சங்குக்குப் பிறகு வெங்கட்டம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். சின்னி அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்குச் சின்னி நினைப்பு இல்லை, என் மகள் செல்வி நினைப்புத்தான். முதலில் நாங்கள் ஓசூர் வந்தபோது தங்க இடம் இல்லை. நாலு வயசுச் செல்வியை என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். விடிகாலை, அவள் தூங்கும்போது. ஒரு வருடம் கழித்துப் போய் அழைத்து வந்தோம். அதிலிருந்து நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, இருக்கியா?" என்று கேட்பாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் அக்கா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் செல்வி ஒன்றாம் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம வந்துட்டேன்ட்டி. தப்புதான்" என்றேன். அவள் நிமிரவில்லை.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன்," என்றாள். "பெரியம்மா வீட்டு மச்சு சன்னல்ல நின்னு பாத்தேன். பஸ்ஸு வளைவுல திரும்புற வரைக்கும் பாத்தேன். நீ திரும்பிப் பாக்கவே இல்ல."

அவள் முழித்துவிடக் கூடாதே என்றுதான் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பக்கம் நியாயம் பேசுகிற மாதிரி இருக்கும். இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் அந்த வளைவில் வந்தால், நான் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு பக்கமும், மச்சு சன்னலில் நின்று என்னை நானே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பக்கமுமாகத்தான் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை. வெங்கட்டம்மா வாசலில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சின்னி பத்தரை மணி வரை அழுதாள், பிறகு கொஞ்சம் களி சாப்பிட்டாள்.