மே மாதத்து ஸ்வெட்டர்

1998 மே மாதம். திருவண்ணாமலையில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த அன்புச்செல்வி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அதோடு விடாமல், தலைக்கு மேல் ஓடிய ஃபேனையும் நிறுத்தினாள்.

"மேடம், நாங்கல்லாம் வெந்து சாவணுமா?" என்று பக்கத்து மேசை மொஹ்சின் எழுந்து வந்து ஃபேனைப் போட்டார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வருஷமாகவே அப்படித்தான். ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் எழும்போதே களைப்பு. அடித்த கடிதத்தையே மறுபடி அடித்தாள். உடம்பு பெருத்தது, முடி கொட்டியது. எரிந்து விழுவாள், பிறகு அழுவாள்.

வைத்தியம் சொல்லத்தான் எத்தனை பேர்! "உடம்பு வணங்கி வேல செஞ்சா எல்லாம் சரியாவும்" என்றாள் மாமியார் எல்லம்மாள். "பௌர்ணமிக்கு மல சுத்து, மனசு லேசாவும்" என்றான் பஸ் கண்டக்டரான கணவன் தசரதன். சுற்றப் போனவள் பாதி வழியில், அடி அண்ணாமலையிலேயே கால் வீங்கி உட்கார்ந்துவிட்டு ஆட்டோவில் திரும்பினாள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். எந்நேரமும் தூங்கி வழிகிறவளுக்குத் தூக்க மாத்திரை!

கடைசியில் எடைதான் காரணம் என்று அவளே முடிவு செய்து, சோற்றை நிறுத்தி டீயிலும் பிஸ்கட்டிலும் நாளை ஓட்டினாள். எடை குறையவில்லை, எரிச்சல்தான் கூடியது.

ஃபேன் சண்டைக்கு மறுநாள் மொஹ்சின் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். எங்க அக்காவும் வெயில்ல குளிருதுனு போர்த்திக்கினு கெடந்தாங்க. டாக்டர் கைசர் ஜஹான்கிட்ட காட்டினோம். நீங்களும் ஒரு தபா பாருங்க."

அந்த டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார். நான்கு நாளில் முடிவு வந்தது.

"தைராய்டு கம்மியா சுரக்குதும்மா. அது கொறைஞ்சா உடம்பு மட்டுமில்ல, மனசும் சோர்ந்துடும். அழுகை, மறதி எல்லாம் அதுனாலதான். ரத்தமும் கம்மி. டீயும் பிஸ்கட்டும் ஒரு சாப்பாடாம்மா? கீரை, முட்டை, பருப்புனு வேளைக்குச் சாப்பிடுங்க."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"யார் சொன்னது?"

யார் சொல்லவில்லை? வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஒரு வருஷம் வீணாகப் போயிருந்தது.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் யாரும் எழுப்பாமல் எழுந்தாள். ஒரு கட்டுக் கடிதங்களைப் பிழையில்லாமல் அடித்து முடித்தாள்.

ஆனால் வீட்டில் புதிய தொல்லை ஆரம்பித்தது. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே, "மாத்திர போட்டியா?" என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தசரதன் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நண்பர்களைச் சாப்பிடக் கூட்டிவந்தான். முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று அவள் கேட்டாள். அவன் சிரித்தான்: "இன்னா, இன்னிக்கி மாத்திர போடலயா?"

"போட்டேங்க. இது தைராய்டு கோவம் இல்ல. நாலு பேர் வர்றத ஒரு வார்த்த சொல்லாம வந்து நிக்கிறீங்களே, அதுக்கு வர்ற கோவம்."

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தசரதன் பையை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குக் கிளம்பினான். அன்புச்செல்வி தட்டை எடுத்து, தனக்குச் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.