ஜீப்புக்குப் பூசிய விபூதி

இன்று ஜீப்பில் இருந்தவர்கள்: ஓட்டியவர் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நான், பின்னால் தறி நெய்யும் என் கொழுந்தனார். என் மடியில், நாத்தனாருக்காக எடுத்துக்கொண்ட ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம்.

இவர் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கடியிலேயே படுத்துக் கிடந்து ரிப்பேர் செய்தார். வாலாஜாபாத்தில் இருக்கும் நாத்தனாரோ, "அந்தத் தகர டப்பா தள்ளாம என் வாசலுக்கு வரட்டும், பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

பாதி வழியில், இன்ஜினைக் குளிர வைக்கும் ஃபேனைச் சுற்றவிடும் பெல்ட் அறுந்தது. இவர் முகம் வாடிவிட்டது.

"இருண்ணா" என்ற கொழுந்தனார், கை துடைக்க வைத்திருந்த கழிவுப் பட்டு நூலை, பெல்ட்டுக்குப் பதிலாக மாட்டக் கயிறாகத் திரித்தார்.

"முடிச்சுப் போட்டா ஃபேன் சக்கரத்துல மாட்டிக்கும். தறியில பழைய பாவு நூலோட புது நூலைப் பிணைக்கிற மாதிரி, ரெண்டு முனையையும் முறுக்கியே சேத்துடறேன். விரல் வழுக்குது, கொஞ்சம் சாம்பல் குடுங்க அண்ணி."

நடுரோட்டில் சாம்பலுக்கு எங்கே போவேன்? இருவரும் என் மடியையே பார்த்தார்கள்.

"சிவ சிவா" என்று பொட்டலத்தைப் பிரித்தேன்.

முறுக்கு விடவில்லை. மெதுவாக ஓட்டி, தள்ளாமலே போய்ச் சேர்ந்தோம்.

நாத்தனார் ஜீப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "விபூதி எங்கமா?" என்றார்.

"உங்க தம்பி வண்டி பூசிக்கினு வந்திருக்குது."

"அதான் வந்து சேந்துச்சு!" என்று சிரித்துவிட்டார்.

இப்போது இவர் புது பெல்ட்டே வேண்டாமாம். அடுத்த ஞாயிறு மகாபலிபுரத்துக்கு இரண்டு பொட்டலமாக எடுத்துக்கொள் என்கிறார்.

பிரசாதத்தை இன்ஜினுக்குப் பூசியது தப்பா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.