லேப்ரடார் சாது என்று நம்பிய நான்

அல்லிநகரத்தில் வீடு கட்டியதும் நாய் வளர்க்க விரும்பினோம். குழந்தைக்கு லேப்ரடார்தான் சாது என்றேன் நான். காவலுக்கு ஜெர்மன் ஷெப்பர்டு என்றார் கணவர். சின்னமனூரில் இரண்டையும் வளர்க்கும் ஒருவர் வீட்டுக்குப் போனோம்.

ஷெப்பர்டைக் கண்டதும் மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். சோறு தின்றுகொண்டிருந்த லேப்ரடாரிடம் அவள் ஓடியபோது தடுக்கவில்லை. அவள் தட்டருகே குனிந்ததும், அது தலை நிமிராமலே உறுமியது.

“ஆத்தா, அசையாத! அங்கனயே நில்லு!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்கார அம்மா பாய்ந்து, அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் மகளின் கவுன் கழுத்தோரம் கிழிந்திருந்தது.

“திங்கிறப்ப மட்டும் இது இப்பிடித்தாம்மா. நீங்க கேக்கவே இல்லையே,” என்றார், கழுத்துப்பட்டையை விடாமலே.

நாங்கள் நாய் வாங்கவில்லை. மிக்ஸி ஓடினால்கூட அந்த உறுமல்தான் கேட்கிறது. இப்போதெல்லாம் எந்த வீட்டில் நாயைப் பார்த்தாலும், அது என்ன இனம் என்று நான் கேட்பதில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “எதுக்கு இதுக்குக் கோபம் வரும்?” என்றுதான் கேட்கிறேன்.